பைபாஸ் பிரியும் இடத்தில் ஒரு சோற்றுப் பலகை வையுங்கள்

நெடுஞ்சாலைகளில் பலகை வைக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மத்திய அரசின் ஆணையமாக இருந்தாலும் சரி, மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறையாக இருந்தாலும் சரி, பலகையில் என்ன எழுதுவது என்று எந்த மேசையில் முடிவாகிறதோ அந்த மேசைக்குத்தான் இந்த மடல். சுங்கக் கட்டணம் அதிகம், சர்வீஸ் ரோட்டில் விளக்கு எரிவதில்லை, பாலத்து வேலை முடியவே மாட்டேன் என்கிறது என்று உங்களுக்கு வரும் புகார்க் கட்டில் இன்னொரு தாளைச் செருக வரவில்லை. நான் கேட்பது சோறு. சோறு எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ஒரு பலகை.

இப்போதும் ஒரு பலகை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நீல நிறம், நடுவில் வெள்ளைக் கட்டம், அதற்குள் கறுப்பாக ஒரு முள்கரண்டியும் கத்தியும். சாலைக் குறிகளுக்கான ஐ.ஆர்.சி. 67 என்ற விதித்தொகுப்பில் உணவகத்துக்கு அதுதான் அடையாளம்; கப்பும் சாசரும் போட்டிருந்தால் டீ, காபி, சிற்றுண்டி. குழந்தைக்கும் புரியும். ஆனால் அதைப் பார்த்து 'அட, நல்ல கடை வருது' என்று யாராவது இண்டிகேட்டர் போட்டிருப்பார்களா? (கையால் பிசைந்து சாப்பிடுகிற ஊரில் முள்கரண்டி எதற்கு என்பது வேறு பஞ்சாயத்து, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) அந்தக் குறி சொல்வதெல்லாம் இங்கே தின்ன ஏதோ இருக்கிறது என்பதை மட்டும்தான். அதற்குப் பலகையே வேண்டாம், அரை கிலோமீட்டருக்கு முன்னாலிருந்தே கலர் கலராக லைட் போட்டு அவர்களே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரியவேண்டியது வேறு. இடது பக்கம் ஒரு ஊர் பிரிகிறதே, அந்த ஊருக்குள் சாப்பிட என்ன இருக்கிறது, எவ்வளவு தூரம், இந்த நேரத்துக்குக் கிடைக்குமா? இந்த மூன்றும் தெரிந்தால் போதும், மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும்.

நாற்கரச் சாலை வருவதற்கு முன்னால் இந்தப் பிரச்சினையே கிடையாது. சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் வண்டி திண்டிவனத்துக்குள் போய், விழுப்புரத்துக்குள் போய், வழியில் உள்ள ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவையும் உரசிக்கொண்டுதான் போகும். வாசலில் தோசைக்கல், கல்லுக்கு முன்னால் பார்சலுக்கு நிற்கிற நாலு பேர், உள்ளே சாம்பார் வாளியோடு ஓடுகிற பையன், கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு இலையையும் பார்த்துக்கொண்டிருக்கிற முதலாளி. வண்டியில் இருந்தபடியே கடையை எடை போட்டுவிடலாம். வாசலே பலகையாக இருந்தது. அப்புறம் பைபாஸ் வந்தது. அதைக் குறை சொல்லவில்லை. டவுன் பஸ்ஸுக்கும் மாட்டுவண்டிக்கும் பின்னால் ஊர்ந்த காலம் திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஆம்புலன்ஸில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற குடும்பம் நிச்சயம் கேட்காது. ஆனால் சாலைதான் ஊருக்கு வெளியே போனது. நல்ல கடைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அவை வெளியே வரமுடியாததற்குக் காரணம் இருக்கிறது. பைபாஸ் ஓரத்தில் கடை போட முதலில் பஸ்ஸும் காரும் நிற்க ஒரு மைதானம் வேண்டும், அந்த இடத்துக்குக் குத்தகை வேண்டும், ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் வேண்டும், மூன்று ஷிப்டுக்கு ஆள் வேண்டும். எட்டு டேபிள் போட்டு, வீட்டம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் ஓடுகிற கடைக்கு இதெல்லாம் கட்டுபடியாகாது. கட்டுபடியாகிறவர்களுக்கோ சமையல்தான் முதல் வேலை என்று சொல்லமுடியாது. அதைவிடப் பெரிய விஷயம், பைபாஸ் கடைக்கு வருகிற ஆள் மறுபடியும் வருவான் என்று அந்தக் கடை எதிர்பார்ப்பதே இல்லை. ஊருக்குள் இருக்கிற கடைக்கு நேற்று வந்த வாத்தியார்தான் இன்றைக்கும் வருகிறார், சாம்பாரில் கொஞ்சம் புளி தூக்கலாக இருந்தால் கை கழுவும்போதே சொல்லிவிடுவார், நாளைக்கும் அப்படியே இருந்தால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயம் சட்னி அரைக்கிறவருக்கு இருக்கிறது. நாங்குநேரி போகிற அவசரத்தில் உளுந்தூர்பேட்டை தாண்டி நிறுத்தி, வாயில் வைக்க முடியாத பொங்கலைப் பாதி வைத்துவிட்டு எழுந்து போகிறவனைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள்?

எல்லாமே மோசம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பைபாஸ் ஓரத்துப் பெரிய சைவ உணவகங்கள் சிலவற்றில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குழந்தைக்கு உடை மாற்ற இடம் இருக்கிறது, அம்மாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போக சரிவு இருக்கிறது. அதற்காகவே நானும் நிறுத்துவேன். ஆனால் மதுராந்தகத்தில் தின்ற அதே இட்லியும் அதே சட்னியும் அதே பில்லும்தான் திருமங்கலத்திலும். அத்தனை கிலோமீட்டர் போன உணர்வே நாக்குக்கு இல்லை.

ராத்திரி பஸ் நிற்கும் மோட்டல்கள் பற்றி உங்களிடம் பேசிப் பயனில்லை, அது வேறு துறை. இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு லைட்டைப் போட்டு, 'வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும்' என்று எழுப்பி இறக்கிவிட்டால், அங்கே எப்போதோ போட்டு அடுக்கிய பரோட்டாவின் மேல் தண்ணீர் தெளித்துச் சூடு காட்டிக் கொடுக்கிறார்கள். வாசல் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் அச்சிட்ட விலையைவிடக் கூட. உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டல்களை எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது உண்மைதான். ஆனால் பெட்டிக்கடைக்காரர் பாட்டிலை எட்டி எடுத்துக் கொடுப்பதில் என்ன பரிமாறல் இருக்கிறது? டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறையில் தனிச் சமையல் நடக்கும். அவர்களைத் தப்பு சொல்லமாட்டேன், விடியவிடிய கண் விழித்து ஓட்டுகிறவர்கள். அந்த அறையில் வேகிறதையே எனக்கும் ஒரு தட்டு கொடுங்கள், காசு கொடுத்துவிடுகிறேன் என்றுதான் கேட்கத் தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'அதான் போன் இருக்கே, மேப் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது. அதை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம், அது எப்படி நடக்கிறது என்பதையும் கேளுங்கள். முன்சீட்டில் இருப்பவர் தேடுகிறார். நாலரை நட்சத்திரம் போட்ட ஒரு கடை வருகிறது. விமர்சனத்தைத் திறந்தால் 'பார்க்கிங் வசதி அருமை' என்று ஒருவர், 'குழந்தைகள் விளையாட ஊஞ்சல் உண்டு' என்று இன்னொருவர், சாப்பாட்டைப் பற்றி மூச்சே இல்லை. அடுத்ததைத் தேடுவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. திரும்ப வரும்போது ஒரு கடை 600 மீட்டரில் என்று காட்டும், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சென்டர் மீடியனுக்கு அந்தப் பக்கம். யூ டர்ன் எங்கேயோ இருக்கும். பசியில் இருக்கிறவன் என்ன செய்வான்? பொறுமைசாலி விட்டுவிட்டுப் போவான், மற்றவன் ராங் சைடில் நூறு மீட்டர்தானே என்று ஓரமாக ஏறி வருவான். அந்த நூறு மீட்டரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 25 மீட்டர் போகிறது. கடை கண்ணில் பட்டபிறகு முடிவெடுப்பது என்றால் பின்னால் வரும் லாரிக்காரர் பாவம். ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே தெரிந்தால் நிதானமாக இடது லேனுக்கு வந்து இறங்கிவிடலாம். ஆகவே இதை ருசி பிடித்த ஒருத்தன் புலம்பல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், விபத்துக் கணக்கு எழுதுகிற பக்கத்திலும் இதற்கு ஒரு வரி உண்டு.

முன்பெல்லாம் சுங்கச்சாவடியில் நிற்கும்போதாவது விசாரிக்கலாம். ஜன்னல் ஓரமாக வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவிடம், நுங்கு விற்கிற பையனிடம். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து அந்த நிற்றலும் குறைந்துபோனது, நல்லதுதான், ஆனால் விசாரிப்பும் கூடவே போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது பெட்ரோல் பங்க். அங்கே கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'தம்பி, இங்க நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?' என்று கேட்டால் காரைப் பார்ப்பார், நம்மைப் பார்ப்பார், ஏ.சி. போட்ட கடையைக் கைகாட்டுவார். 'தம்பி, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?' என்று கேளுங்கள். முகமே மாறும். 'சார், ரயில்வே கேட் தாண்டி ஒரு அக்கா கடை, ஆனா உங்களுக்கு...' என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்கு முன்னால் சொன்னதுதான் நமக்கு வேண்டியது. என்னோடு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு ஊரிலும் பெட்ரோல் போடமுடியாதே.

இனி உங்கள் பலகையில் என்ன எழுதலாம் என்று பார்க்கலாம்.

ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை பெங்களூரு சாலையில் போகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே பிரியாணிதான், பலகை வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சீரகச் சம்பாவில் தம் போட்ட அந்தப் பிரியாணிக்கு மிளகாய்த்தூள் கிடையாது, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான். கூடவே புளிப்பாக ஒரு கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிரும் வரும். காலை பதினொன்றரைக்கெல்லாம் அண்டாவைத் திறந்துவிடுவார்கள். காலை பெங்களூரில் கிளம்பினவன் ஆம்பூரை எத்தனை மணிக்குத் தொடவேண்டும் என்று இதில் இருக்கிறது. மூன்று மணிக்கு வந்து சேருகிறவனுக்கு அடி அண்டாதான் மிச்சம். பலகையில் நேரம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் பாதி கடிகாரத்தில் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. காலை டிபன் ஒன்பதரைக்கு மேல் வயதாகிவிடும். சாப்பாடு பன்னிரண்டரைக்குச் சூடு, இரண்டரைக்கு ரசம் மட்டும். மூன்றிலிருந்து ஆறு வரை ஊரே பஜ்ஜியும் டீயும்தான், அந்த நேரத்தில் சோறு கேட்டால் பாவமாகப் பார்ப்பார்கள். ஆறரைக்கு மேல் பரோட்டாக் கல் சூடேறும். என் அம்மாவுக்கு சுகர், மாத்திரை போட்டால் ஒன்றரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். வண்டியில் அம்மா இருக்கும் நாளில் நான் கிலோமீட்டர் கல்லைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பேன்.

விருதுநகரைப் பாருங்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் சாலையில் ஊரின் ஓரத்தை உரசிக்கொண்டு நூறில் பறக்கிறார்கள், உள்ளே எண்ணெய் பரோட்டா பொரிந்துகொண்டிருப்பது தெரியாமலே. நடுவில் குழிந்த பெரிய கல், குழியில் எண்ணெய். மற்ற ஊர்ப் பரோட்டா கல்லில் வேகும், இது எண்ணெயில் மிதந்து வேகும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓரம் மொறுமொறுவென்று பொன்னிறமானதும் எடுத்து அடுக்கி, இரண்டு கையாலும் ஓர் அடி அடித்து நொறுக்கி இலையில் போடுவார்கள். அதன் மேல் சால்னாவை ஊற்றி உடனே தின்றுவிடக் கூடாது, ஊறி நமத்துப்போகவும் விடக் கூடாது. மேல் பக்கம் ஊறி அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்கவேண்டும். பக்கத்தில் சுக்கா. கடைக்காரரே 'இப்ப சாப்பிடுங்க' என்பார் சில சமயம். இதைத் தாண்டிப்போய், பத்து கிலோமீட்டர் தள்ளி மோட்டலில் நிறுத்தி அந்தத் தண்ணீர் தெளித்த பரோட்டாவைத் தின்றுவிட்டு, 'தென்மாவட்டத்தில் சாப்பாடு முன்ன மாதிரி இல்ல' என்று பேசிக்கொண்டு போகிறவர்களை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அங்கிருந்து கொஞ்சம் தெற்கே சாத்தூர். காராசேவு. ஊர் ஓரத்தில் இருப்பதால் கடைகளும் ரோட்டிலேயே வந்துவிட்டன, எதில் புது எண்ணெய் வாசம் வருகிறதோ அங்கே வாங்குங்கள். (ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 ஜூலையிலிருந்து அளவு விதி இருக்கிறது, எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் போலார் காம்பவுண்டு என்ற கழிவு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மீட்டர் அதிகாரி கையில், மூக்கு நம் கையில்.) சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சும் அதே அளவுக்கு நல்லது, அதை ஏனோ யாரும் பாடுவதில்லை. அப்புறம் கோவில்பட்டி, கடலைமிட்டாய். குற்றாலம் போகிறவர்கள் திருமங்கலத்தில் பிரிந்து ராஜபாளையம் சாலை பிடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், விறகடுப்பில் கிண்டின பால்கோவா. அந்தப் பிரிவில் இன்றைக்கு இருக்கும் பச்சைப் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கிறது, கிலோமீட்டர் இருக்கிறது. பால்கோவா என்ற ஒரு சொல்லுக்கு அதில் இடமா இல்லை?

திருச்சி திண்டுக்கல் சாலையில் மணப்பாறை, முறுக்கு. அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் லேசான உப்புதான் காரணம் என்பார்கள், நம்புகிறேன். சேலத்தில் மாலைக்கு மேல் தள்ளுவண்டியில் தட்டுவடை செட், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின காயும் சட்னியும். சிதம்பரத்தில் கத்தரிக்காய்க் கொத்சு. கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா என்ற குழம்பு, அதுவும் சில கடைகளில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே மாலையில் சில மணி நேரம் மட்டும் திறக்கும் அல்வாக்கடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காகவாவது நேரத்தை எழுதுங்கள்.

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் வடலூர் வரும். வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இன்றைக்கும் அடுப்பு அணையாமல் எரிகிறது, யார் போனாலும் சோறு, காசு கிடையாது. எத்தனை பேர் கையில் காசு குறைவாக இருக்கும் பயணத்தில், சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் பயணத்தில், அந்த ஊரைப் பசியோடு தாண்டிப் போகிறார்களோ. அந்தப் பலகையை முதல் வேலையாக வைக்கலாம்.

இனி நீங்கள் கேட்கப்போகிற கேள்வி: எந்தக் கடை பெயரை எழுதுவது? எந்தக் கடையையும் எழுதாதீர்கள். கடைப்பெயர் எழுத ஆரம்பித்தால் அன்றைக்கே ஊழல் ஆரம்பம், யார் மச்சான் கடை, யார் கவுன்சிலர் கடை என்று போகும், கோர்ட்டுக்குப் போவார்கள், பலகையில் தார் பூசுவார்கள். பண்டத்தின் பெயரை எழுதுங்கள், தெருவின் பெயரை எழுதுங்கள். 'எண்ணெய் பரோட்டா, மாலை முதல், ஊருக்குள் இத்தனை கிலோமீட்டர்' என்றால் போதும். தெருவுக்குள் போனால் எங்கே கூட்டம் நிற்கிறது என்று எங்களுக்குக் கண் இருக்கிறது. எந்தப் பண்டம் என்பதிலும் சண்டை வரும் என்று பயந்தால், ஏற்கெனவே அரசாங்கமே முத்திரை குத்திய பட்டியல் ஒன்று இருக்கிறது, புவிசார் குறியீடு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் வாங்கின, கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இல், மணப்பாறை முறுக்கு 2023இல். இவற்றில் தொடங்குங்கள், கமிட்டி போடவேண்டியதில்லை. சூடாகச் சாப்பிடுகிற பண்டங்களுக்கு அப்படிப் பட்டியல் இல்லை, அதற்கு அந்தந்த ஊராட்சி, நகராட்சியைக் கேளுங்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

ஊர்ப் பெயரை ஊருக்கு வெளியே எழுதவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கண்முன்னே சாட்சி இருக்கிறது. கும்பகோணம் டிகிரி காபி. செங்கல்பட்டு தாண்டினால் அதுதான், வேலூர்ப் பக்கம் போனாலும் அதுதான், பித்தளை டபரா டம்ளரை வாசலில் அடுக்கிவிட்டால் கும்பகோணம் ஆகிவிடுகிறது. சிலது நல்ல காபிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. உங்கள் பலகை அரசாங்கப் பலகை, அந்தந்த ஊர்ப் பிரிவில் மட்டும்தான் நிற்கும் என்பதே அதன் மதிப்பு. விருதுநகர்ப் பிரிவில் மட்டும்தான் விருதுநகர் பரோட்டா.

'ஊருக்குள் கார்கள் திரும்பினால் மறுபடி நெரிசல்தானே, எதற்காக பைபாஸ் போட்டோம்?' இது நியாயமான கேள்வி. லாரியும் விரைவுப் பேருந்தும் எப்படியும் உள்ளே வரப்போவதில்லை. வருவது சாப்பிட விரும்புகிற சில கார்கள். அவர்களுக்காகப் பலகையிலேயே வண்டி எங்கே நிறுத்தலாம் என்று ஒரு அம்புக்குறி, கழிப்பறை எங்கே என்று இன்னொரு குறி, முக்கியமாக திரும்ப நெடுஞ்சாலையில் ஏற எந்த வழி என்பது. ஊருக்குள் போகிறவனுக்கு இருக்கும் பயமே அதுதான். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சந்தைக்கடைக்குள் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் சுற்றினால் அப்புறம் ஆயுசுக்கும் பைபாஸை விட்டு இறங்கமாட்டான். ஊருக்குள்ளும் இரண்டு மூன்று இடத்தில் 'மதுரைக்கு இப்படி' என்று சின்னதாக ஒன்று வைத்துவிட்டால் தைரியமாக வருவான், வந்தால் அந்த ஊர்க் கடைக்காரருக்கு நாலு காசு. பைபாஸ் வந்த அன்றைக்குப் பாதி வியாபாரத்தை இழந்தவர்கள் அவர்கள், அதற்கு யாரும் இழப்பீடு கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. நிலம் கொடுத்தவருக்குத்தான் இழப்பீடு, ரோடு போனவருக்கு ஒன்றுமில்லை.

இது புதுமையான யோசனையும் இல்லை. ஜப்பானில் 1993இலிருந்து சாலையோர நிலையங்கள் என்று அந்தந்த ஊர்ப் பண்டத்தை விற்கவே இடம் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் என்ற அரசனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிறவன் எத்தனை காதம் என்று மட்டுமா சொல்கிறான்? கடற்கரை எயிற்பட்டினத்தில் மீனவரான பரதவர் வீட்டில் சுட்ட குழல்மீன், அடுத்து வேலூரில் எயிற்றியர் என்ற வேட்டுவப் பெண்கள் ஆக்கிய புளிச்சோறு, சுட்ட ஆமான் (காட்டுப்பசு) இறைச்சி, ஆமூரில் உழவர் வீட்டில் குத்திய அரிசிச் சோறும் நண்டும் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் இலை போட்டுவிடுகிறான். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்கிறார்கள், திண்டிவனம் பக்கம்தான் அந்த அரசனின் ஊர். அதாவது உங்கள் 32ஆம் எண் சாலைக்குப் பக்கத்திலேயே ரொம்ப காலத்துக்கு முன்னால் இந்த வேலை நடந்திருக்கிறது. ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது சத்திரமும் சேர்த்துத்தான் கட்டினார், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இன்றும் ஒன்று நிற்கிறது. நான் சத்திரம் கட்டச் சொல்லவில்லை, இலவசமாகப் போடச் சொல்லவில்லை. காசு கொடுத்துச் சாப்பிடத் தயாராக இருக்கிறவனுக்கு வழி சொல்லுங்கள் என்கிறேன்.

பலகை எப்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்குப் பெரிய கோரிக்கைகள் இல்லை. தமிழ் பெரிதாக, ஆங்கிலம் கீழே. அதிகபட்சம் இரண்டு பண்டம், நேரம், தூரம். அதற்கு மேல் எழுதினால் ஓட்டுகிறவர் படிக்கமுடியாது. பிரிவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒன்று, 500 மீட்டரில் இன்னொன்று. 500 மீட்டரில் மட்டும் வைத்தால் 90 வேகத்தில் இருபதே நொடி, அதற்குள் வண்டிக்குள் வாக்கெடுப்பு முடியாது. முள்கரண்டிக்குப் பதில் வாழையிலை போட்டால் சந்தோஷம், விதித்தொகுப்பு இடம் கொடுக்காது என்றால் கரண்டியே இருக்கட்டும், அதற்காக ஃபைல் மூன்று வருடம் டெல்லிக்குப் போய்வர வேண்டாம்.

மொத்த மாநிலத்துக்கும் ஒரேயடியாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. திருமங்கலத்திலிருந்து கோவில்பட்டி வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பிரியும் இடத்தில் ஒன்று, விருதுநகரில் ஒன்று, சாத்தூரில் ஒன்று, கோவில்பட்டியில் ஒன்று, இரண்டு திசைக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் இறங்குவதற்கு முன்னால் வைத்துவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் எத்தனை கார் உள்ளே திரும்புகிறது என்று யாரையாவது ஓரமாக நாற்காலி போட்டு எண்ணச் சொல்லுங்கள், கடைக்காரர்களையும் கேளுங்கள். ஒருவரும் திரும்பவில்லை என்றால் பிடுங்கி வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள், நான் வந்து சண்டை போடமாட்டேன். திரும்பினார்கள் என்றால் அடுத்து ஆம்பூரும் மணப்பாறையும் வடலூரும் வரிசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தெற்கேயுள்ள சொந்த ஊருக்குக் காரில் போய்வரும் ஒருவன்